முப்பது கிலோ

மூட்டை கட்டுவது எங்கள் குடும்பத்தின் பரம்பரைக் கலை. எங்கள் தந்தையார் 1978ஆம் ஆண்டில் எழுத்தர் வேலைக்காகத் தில்லிக்கு வந்தவர். ஆண்டுதோறும் மே மாத விடுமுறையில் அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்குக் குடும்பத்தோடு புறப்படுவார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். சென்னை சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் சென்று, அங்கிருந்து மீட்டர்கேஜ் வண்டியில் மற்றோர் இரவு. தகரப் பெட்டி இரண்டு, ஹோல்டால் ஒன்று, கூஜா ஒன்று, பிரம்புக் கூடைகள், துணிப்பைகள். போகும்போது ஒன்பது உருப்படி. திரும்பும்போது, புளியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வற்றல் வடகமும் ஏறிக்கொண்டு, பதினான்கு உருப்படி. ஒவ்வொரு பெரிய நிலையம் வந்ததும் தந்தையார் விரல் நீட்டி எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்குவார். நாகபுரியில் உச்சி வெயிலில் அவர் அவ்வாறு இறங்கும்போதெல்லாம், வண்டி புறப்பட்டுவிடுமோ என்று சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நடுங்குவோம். அதே நாகபுரியில் பின்னாளில் குடியேறுவோம் என்பது அப்போது தெரியாது.

இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதி வரும் கைக்கு ‘நான்’ என்று எழுத வருவதில்லை. ஆகவே இக்கட்டுரை நெடுகிலும் ‘நாங்கள்’ என்றே வரும். சில இடங்களில் அது வீட்டார் நால்வரையும் குறிக்கும். சில இடங்களில் ஒருவரை மட்டுமே குறிக்கும். பழி வரும் இடங்களில் அன்பர்கள் அதனை ஒருமை என்றே கொள்க.

இந்தப் பரம்பரைக் கலையில் எங்களுக்கு இருந்த பெருமிதம் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் ஒரு கணிப்பொறி விளையாட்டினால் குலைந்தது. பள்ளிப் பாடங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட அந்நாளில் மகளுக்காக ஒரு பழைய கணிப்பொறி வாங்கினோம். பாடம் முடிந்த நேரத்தில் அவள் ‘தி லாங் டார்க்’ என்னும் விளையாட்டை ஆடத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. ‘நெடிய இருள்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கனடா நாட்டு ஹின்டர்லேண்ட் என்னும் நிறுவனம் 2014இல் அரைகுறையாக வெளியிட்டு, ஆடுவோர் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2017இல் முழுமையாக்கியது. விளையாட்டு என்றதும் துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்த எங்களுக்கு அங்கே கேட்டதெல்லாம் பனிக்காற்றின் ஓலமும், பனியை மிதிக்கும் காலடி ஓசையுமே. கனடாவின் வடபுலத்தில் ‘பெருங்கரடித் தீவு’ என்றொரு கற்பனைத் தீவு. பூமியின் காந்தப் புலத்தில் ஏதோ குழப்பம் நேர்ந்து மின்சாரம் முற்றிலும் அற்றுப்போன காலம். ஊர்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஒற்றை மனிதர் பனிக்காட்டில் உயிர் பிழைக்க வேண்டும். குளிர், சோர்வு, தாகம், பசி என்று நான்கு பகைவர்; ஓநாயும் கரடியும் அவற்றுக்குப் பிறகுதான். வெல்வது என்பதே அதில் இல்லை. எத்தனை நாள் தாக்குப்பிடித்தோம் என்பதுதான் கணக்கு. இறந்துவிட்டால் அதுவரை ஆடியதன் பதிவும் அழிந்துபோகும். மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எங்களை அதன்பால் ஈர்த்தது பனியன்று, முதுகுப்பை. கையில் எதை எடுத்தாலும் அதன் எடை கிலோக் கணக்கில் காட்டப்படும். மொத்தம் 30 கிலோ சுமக்கலாம். உடுத்திய உடையும் அதில் சேர்த்தி. அதற்கு மேற்பட்டால் நடை தளரும். உண்டது விரைவில் செரித்துப் பசி எடுக்கும். சரிவில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். பண்டக சாலையில் சில காலம் பணியாற்றிய எங்களுக்கு அந்தப் பட்டியலைக் கண்டதும் பழகிய இருப்புப் பதிவேட்டைக் கண்டதுபோல் இருந்தது. மகளின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், ஒரு வாரத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோம். விசைப்பலகை அவள் வசம். மூட்டை எங்கள் வசம்.

மூட்டையை எப்படிக் கட்டினோம் என்று சொல்லவும் வேண்டுமா? கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தோம். ‘மிஸ்டரி லேக்’ என்னும் ஏரிக்கரையில் ஒரு பழைய முகாம் அலுவலகம் இருக்கிறது. அரசு அலுவலகத்தின் சாயல் இருந்தமையாலோ என்னவோ, அதனையே எங்கள் இருப்பிடமாகக் கொண்டோம். மேசை இழுப்பறை, அலமாரி, கட்டிலடி எங்கும் குடைந்து, கிழிந்த காலுறைகள், பழுதுபட்ட கருவிகள், படித்த புத்தகங்கள், காலித் தகரக் குவளைகள் அனைத்தையும் சேர்த்தோம். “அப்பா, இத எதுக்குப்பா எடுக்கிறீங்க?” என்று மகள் கேட்பாள். “இருக்கட்டும், உதவும்” என்போம். ‘இருக்கட்டும், உதவும்’ என்பது எங்கள் தந்தையாரின் வாக்கு. அவர் நூல்கண்டு சுற்றிவந்த அட்டையைக்கூட எறிந்தவரல்லர்.

நாற்பத்தொன்றாம் நாள் ஒரு மலையுச்சியில் இருந்தோம். ‘டிம்பர்உல்ஃப்’ மலை என்பது அதன் பெயர். அங்கே ஒரு விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது. அதன் சரக்குப் பேழைகளில் உணவும் உடையும் கருவிகளும் நிறைந்திருக்கும். கயிறு பற்றி, மூச்சு வாங்க வாங்கப் பாறைகளில் ஏறி, இரண்டு நாள் பாடுபட்டு அதனை அடைந்தோம். பேழைகளைத் திறந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட களிப்பைத் தீபாவளி முன்பணம் வாங்கிய நாளோடுதான் ஒப்பிட முடியும். மகள் வேண்டியவற்றை மட்டும் எடுத்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மிச்சத்தை நாங்கள் எடுத்தோம். மீறவில்லை, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, 29 கிலோ 900 கிராமில் நிறுத்தினோம். விதிக்கு உட்பட்டே இருந்தோம். அதில் எங்களுக்கு ஒரு நிறைவு.

இறங்கும்போதுதான் ஒன்று விளங்கிற்று. அந்த 30 கிலோ என்பது காலையில் கண்விழித்து எழுந்தவனுக்கு உரிய எல்லை. உடல் சோரச் சோர எல்லையும் சுருங்கிக்கொண்டே வரும். நண்பகலில் எங்கள் சுமை விதிக்கு உட்பட்டிருந்தது. பிற்பகலில், புதிதாக ஒரு குண்டூசிகூடச் சேர்க்காமலே, விதியை மீறியதாகிவிட்டது. நடை தளர்ந்தது. சரிவில் கணுக்கால் பிசகிற்று. எதையேனும் கீழே போடலாம் என்றாள் மகள். எதைப் போடுவது என்று பட்டியலை மேலும் கீழுமாக நாங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கையிலேயே பனிப்புயல் எழுந்தது. மலையேறுவோர் தங்கும் குடிசை ஒன்று பனியுறைந்த ஏரியின் கரையில் மங்கலாகத் தெரிந்தது. அதன் வாயிலை எட்டுவதற்குள் குளிர் எங்களை வென்றுவிட்டது. நாற்பத்தொரு நாளும் அழிந்தன. பையில் உண்ணாத உணவு பத்து நாளுக்கு இருந்தது.

மகள் அழவில்லை. “விடுங்கப்பா, மூட்டைய இனி நானே பாத்துக்கிறேன்” என்றாள். பதவி பறிக்கப்பட்டவர்களாய் நாங்கள் மீண்டும் பின் நாற்காலிக்குப் போனோம்.

அவள் மூட்டை கட்டிய விதத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புறப்படும் முன்பு பையிலுள்ள அனைத்தையும் தரையில் கொட்டிவிடுவாள். எடுக்க வேண்டியது எது என்று பார்ப்பதற்கு முன்னர், வழியில் கிடைப்பது எது என்று பார்ப்பாள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆனால் சுற்றிலும் பனி கிடக்கிறது, நெருப்பு மூட்டினால் தண்ணீர். ஆகவே ஒரு நாள் தண்ணீருக்கு மேல் சுமப்பதில்லை. விறகு பெரும்பாரம், மரத்தடியில் சுள்ளி கிடக்கும், நடந்துகொண்டே பொறுக்கலாம். தீப்பெட்டிதான் வழியில் கிடைக்காது. அதை மறவாமல் எடுப்பாள். சமையல் பாத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழம் தின்று தீர்ந்த காலித் தகரக் குவளையை எடுத்துக்கொள்வாள். பனியை உருக்கவும் கொதிக்க வைக்கவும் அது போதும். நாங்கள் பொறுக்கிய அதே குவளைதான். நாங்கள் ஏழெட்டு எடுத்தோம், அவள் ஒன்று எடுத்தாள்.

உணவிலும் அப்படியே. மானை வீழ்த்தினால் இறைச்சி முழுவதையும் தூக்கி வருவது எங்கள் முறை. பச்சை இறைச்சிக்குப் பாரம் மட்டுமன்று, வாடையும் உண்டு. அந்த வாடையை முகர்ந்து ஓநாய் பின்தொடரும். ஒன்றைச் சுமப்பதால் இளைப்பும் வந்து, அதன் பொருட்டே பகையும் வருவது நாட்டு நடப்பில் நாம் கண்டதுதான், விளையாட்டிலும் வைத்திருக்கிறார்கள். மகள் வேட்டையாடிய இடத்திலேயே நெருப்பு மூட்டி, சமைத்து, வயிறார உண்டு, மிச்சத்தில் இரண்டொரு துண்டு மட்டும் எடுப்பாள். நீர்நிலை ஓரங்களில் சம்புக்கோரை வளர்ந்திருக்கும். அதன் தண்டு ஒன்று 50 கிராம்தான். ஆனால் 150 கலோரி தரும், கெடவும் கெடாது. ஊரில் கழிவுநீர் ஓடையில் மண்டிக் கிடக்கும் அந்தக் கோரையை இவ்வளவு மதிப்போடு நாங்கள் பார்த்தது அப்போதுதான். துப்பாக்கிக்குப் பதில் வில், அது இலேசு. இடைவிடாமல் மூன்று நாள் பசியறியாமல் இருந்தால் உடல் தேறி, எல்லை 5 கிலோ உயரும். ஆகவே நிறையச் சுமப்பதற்கு வழி, முதலில் நன்றாக உண்பது. அக்கறையுள்ள எந்தத் தாயாரும் அறிந்த உண்மைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவள் செய்தது ஒன்று உண்டு. வேண்டாததை அவள் எறிவதில்லை. ஏரிக்கரை அலுவலகத்தில் ஒரு கோடரி, கடற்கரை வீட்டில் ஒரு போர்வை, மலைக்குடிசையில் ஒரு கட்டு விறகு என்று வழி நெடுகப் பொருள்களை வைத்துவிட்டுப் போவாள். தின்பண்டம் நாட்பட்டால் கெடும். மற்றவை வைத்தது வைத்தபடி இருக்கும். எடுத்துப்போக அத்தீவில் வேறு ஆளில்லை. ஐம்பது நாள் கழித்து வந்து அலமாரியைத் திறந்தால் கோடரி அங்கேயே இருக்கும். சுமக்கவும் வேண்டாம், இழக்கவும் வேண்டாம். இதைக் கண்ட எங்களுக்குப் பெரும் ஞானம் பிறந்தாற்போல் இருந்தது. நூறு நாளைக் கடந்து அவள் ஆடிக்கொண்டிருந்தாள்.

நிற்க. 2021ஆம் ஆண்டில் எங்களுக்குத் தில்லியிலிருந்து நாகபுரிக்கு மாற்றல் ஆணை வந்தது. பயணப்படி விதிகளை அறியாத அன்பர்களுக்காக ஒரு செய்தி. மாற்றலாகும் ஊழியர் அரசுச் செலவில் கொண்டுசெல்லத்தக்க உடைமைகளுக்கும் எடை எல்லை உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017இல் வகுத்தபடி, ஊதிய நிலை 4 வரையில் உள்ளோர்க்கு 1500 கிலோ. நிலை 5க்கு 3000. நிலை 6 முதல் 6000. படியேற ஏறத் தட்டுமுட்டுச் சாமானும் பெருகும் என்பது அரசின் துணிபு. எங்கள் எல்லை 1500. எங்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஆயிரத்து முந்நூறைத் தாண்டவில்லை. விதி எங்களை எதையும் விட்டுவரச் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

ஆனால் நாங்களோ புதிதாக ஞானம் பெற்றவர்கள். கூடத்தில் அனைத்தையும் பரப்பிவைத்து, நாளைக்கு வேண்டுமா, வழியில் கிடைக்குமா என்று ஒவ்வொன்றையும் கேட்டோம். மனைவிக்கும் வியப்பு, இருபது ஆண்டு பழைய செய்தித்தாள் கட்டுகளை எடைக்குப் போட நாங்களே ஆள் அழைத்து வந்தோம். தந்தையாரின் நூல்கண்டு அட்டைகள் போயின. உடைந்த ஹோல்டால் போயிற்று. பின்கட்டில் ஆட்டுக்கல் நின்றது.

அது அம்மாவுடையது. 1979இல் அவர் தில்லிக்குக் குடித்தனம் வந்தபோது, தம் தாயார் வீட்டிலிருந்து அதனைக் கேட்டு வாங்கி, ரயிலில் பார்சல் போட்டுக் கொண்டுவந்தார். நகை நட்டு என்று அவர் பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டித் துணியும் இந்தக் கல்லும்தான். குழவியோடு அறுபது கிலோவுக்குக் குறையாது. வெட் கிரைண்டர் வாங்கிய பிறகு அதற்கு அன்றாட வேலை இல்லை. 2012இல் தந்தையார் மறைந்த பின்பு, ஆண்டுக்கு ஒரு நாள், அவர் நினைவு நாளில் மட்டும் அம்மா அதைக் கழுவி, வடைக்கு உளுந்தை அதில்தான் ஆட்டுவார். மற்ற நாளெல்லாம் அதன்மேல் துளசித் தொட்டி இருக்கும்.

நாளைக்கு வேண்டுமா? வேண்டாம். வழியில் கிடைக்குமா? எந்த ஊரிலும் மாவு அரைபடும். நாங்கள் அம்மாவிடம், “எறியலம்மா; கீழ் வீட்டு நண்பர் வீட்டுப் பின்கட்டிலே வச்சிட்டுப் போறோம். அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கலாம்” என்றோம். அம்மா கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “ஒனக்குப் பாரம்னா வச்சிட்டு வாய்யா” என்றார். ‘எனக்கு’ என்று அவர் சொல்லவில்லை என்பதை அன்று நாங்கள் கவனிக்கவில்லை. மகள் மட்டும், “ஆச்சி கல்லயுமா?” என்று ஒருமுறை கேட்டாள். அவளுடைய முறையைத்தானே பின்பற்றுகிறோம் என்று பதில் சொன்னோம்.

தில்லியின் பழைய அரசுக் குடியிருப்புகள் ஏழினை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. எங்கள் குடியிருப்பு அந்த ஏழில் ஒன்று. பகுதி பகுதியாக இடித்து வந்தார்கள். எங்கள் வரிசைக்கு நாளாகும் என்று கணக்கிட்டிருந்தோம். கணக்கில் நாங்கள் எப்போதும் 29 கிலோ 900 கிராம்தான். கீழ் வீட்டு நண்பருக்கு வேறிடம் ஒதுக்கி, அவர் அவசரமாகக் காலி செய்தபோது, தம் பொருள்களுக்கே வண்டி போதவில்லை என்று பிறகு வருந்திச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. 2023இல் அலுவலக வேலையாகத் தில்லி சென்றபோது அங்கே போய்ப் பார்த்தோம். தகரவேலி அடைத்திருந்தது. உள்ளே பாரந்தூக்கிகள் நின்றன. எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்பதற்குச் சாலையோர வேப்பமரத்தை வைத்துத்தான் குறி கொள்ள முடிந்தது.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. “கல்லு எங்கய்யா போவும்? அங்கனதான் மண்ணுக்குள்ள கெடக்கும்” என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு தந்தையாரின் நாளில் உளுந்தைக் கிரைண்டரில் ஆட்டினார். வடை நன்றாகத்தான் வந்திருந்தது. பரிமாறிவிட்டு, தமக்குப் பசியில்லை என்று படுத்துவிட்டார்.

விளையாட்டின்மேல் பழி போடுவதற்கில்லை. மகளோடு இதைப் பேசியபோது அவள் ஒன்று சொன்னாள். அத்தீவில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதற்குக் காரணம், அங்கே யாரும் இல்லை என்பதுதான். வீடு இடிப்பாரில்லை, குடிவருவாரில்லை, மாற்றல் ஆணை இல்லை. அங்கே கோடரியைத் தேடி எந்த ஆச்சியும் வரப்போவதுமில்லை. “அதோட, அந்த விளையாட்டுல நான் ஒரு ஆளுக்குத்தான்ப்பா மூட்டை கட்டுறேன்” என்றாள். தரையில் பரப்பி வைத்தபோது, நாளைக்கு யாருக்கு வேண்டுமா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் நால்வர்.

அம்மாவுக்கு இப்போது எழுபதாகிறது. சென்ற மாதம் தாமாகவே பேச்செடுத்து, ஊர்ப்பக்கம் கல் கொத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார். புதுக்கல்லைக் கொண்டுவந்தவுடன் ஆட்டிவிட முடியாதாம். முதலில் உமியும் பிறகு அரிசியுமாக நாலைந்து தடவை ஆட்டிக் கொட்டி, கல்மண் உதிர்வது நின்ற பிறகுதான் உளுந்து போட வேண்டுமாம். மூன்று வாரமாகும் என்கிறார். ஆகவே வரும் மே மாதம் ஊருக்குப் போகிறோம். நாகபுரி வழியாகத் திருநெல்வேலிக்கு நேர்வண்டியே இப்போது உண்டு. படுக்கை வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ கட்டணமின்றி அனுமதி, நால்வருக்கு 160. கல்லுக்கு 60 போனால் மிச்சம் 100. இருக்கைக்கடியில் வைக்க முடியாது, பார்சல் வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று மனைவி சொல்கிறார். குழவியை மட்டுமாவது கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. மகள் இப்போதே காகிதத்தை எடுத்துக்கொண்டு, தன் துணியில் எதையெல்லாம் விட்டுவரலாம் என்று எழுதத் தொடங்கிவிட்டாள். எங்கள் பெயருக்கு நேரே இரண்டு வேட்டி, இரண்டு சட்டை என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.